நன்னடத்தை அலுவலர்: சொல்லில் விடுபட்ட நட்பு

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் ‘பி.ஓ.’ என்றால் புரொபேஷனரி ஆபீசர். வேலையில் சேர்ந்தபின், நிரந்தரமாகும்வரை தன் தகுதியைக் காட்ட வேண்டியவர். சிறைத்துறையில் இருப்பவரோ புரொபேஷன் ஆபீசர். இவர் சோதனையில் இருப்பவர் அல்ல, சோதனைக் காலத்தில் இருக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பவர். ஆங்கிலம் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டது. தமிழ் பிரித்துவிட்டது: வேலைக்குத் தகுதிகாண் பருவம், நீதிமன்றத்துக்கு நன்னடத்தை.

லத்தீனில் ‘புரொபாரே’ என்றால் சோதித்துப் பார்ப்பது. அதற்கும் அடியில் ‘புரோபுஸ்’ என்ற சொல் இருக்கிறது. நல்ல, நேர்மையான என்று பொருள். தகுதிகாண் என்பது மேலே இருக்கும் சோதனையைப் பிடித்துக்கொண்டது, நன்னடத்தை அடியில் இருக்கும் ‘நல்’லைத் தொட்டுவிட்டது. நல் + நடத்தை. லகரமும் நகரமும் சேர்ந்து ‘ன்ன’ ஆகிறது. நடத்தைக்கு வேர் ‘நட’. ஒருவர் எப்படி நடக்கிறார் என்று கொஞ்ச காலம் பார்ப்பதற்கு இது பொருத்தமான சொல்தான்.

சட்டப் பொருள் பிறந்தது பாஸ்டன் நகரில். ஜான் அகஸ்டஸ் என்பவர் அங்கே செருப்புக் கடை வைத்திருந்தார். 1841இல் ஒருநாள் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரர் சிறைக்குப் போகவிருந்தார். அகஸ்டஸ் அவருக்கு ஜாமீன் கொடுத்து வெளியே அழைத்து வந்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் நிறுத்தியபோது ஆளே மாறியிருந்தார். நீதிபதி விதித்த அபராதம் ஒரு சென்ட், அதோடு வழக்குச் செலவு. 1859இல் இறக்கும்வரை அகஸ்டஸ் இப்படி ஏறத்தாழ 2,000 பேருக்குப் பொறுப்பேற்றார். அரசு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டுச் சட்டமாக இதைக் கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் வந்தது 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் உறுதியான பிறகும் தண்டனை விதிக்காமல், அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் விடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. 21 வயதுக்குக் குறைந்தவர் என்றால், சிறைக்கு அனுப்பும் முன் அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதாவது புரொபேஷன் என்பது சிறைக்கு மாற்று. சிறைக்குப் போய் வருபவருக்கானது அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் இந்த அலுவலர் அந்த எல்லையோடு நிற்பதில்லை. கைதி ஒருவர் விடுப்பு கேட்டாலோ, முன்விடுதலைக்கு அவர் பெயர் வந்தாலோ, ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டியவர் இவரே. வீட்டில் ஏற்பார்களா, பாதிக்கப்பட்ட குடும்பம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறதா, பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்டு எழுதுவார். பத்து வருஷம் கழித்துத் திரும்புகிற ஒருவருக்கு, வீட்டுக் கதவு திறக்குமா என்று முன்கூட்டியே போய்த் தட்டிப் பார்ப்பவர் அவர். இந்தப் பணியின் கனம் ‘அலுவலர்’ என்ற சொல்லில் தெரிவதில்லை.

செய்தித்தாள் தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘நன்னடத்தை காரணமாக முன்கூட்டியே விடுதலை’ என்கிறோம், அது தண்டனைக் குறைப்பு. ‘நன்னடத்தைப் பிணையை மீறியவர் கைது’ என்கிறோம், அது தொடர்ந்து குற்றம் செய்பவரிடம் நிர்வாக நடுவர் எழுதி வாங்கும் பத்திரம். நன்னடத்தை அலுவலருக்கும் இந்த இரண்டாவதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே சொல் மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பதால், இவரையும் காவல்துறை ஆள் என்று நினைத்து வீட்டில் உள்ளவர்கள் பயப்படுகிறார்கள். பரோல் தனி: பிரெஞ்சில் ‘வாக்கு’ என்று பொருள், திரும்பி வருவேன் என்று கொடுத்த வாக்கு. இங்கே விதிகளில் அது விடுப்பு.

சரி, எதைப் பயன்படுத்தலாம்? நன்னடத்தை அலுவலர் என்பதை மாற்ற வேண்டியதில்லை. இலங்கையிலும் அதுவே வழக்கு. அங்கே நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு இரண்டும் ஒரே திணைக்களத்தில் இருக்கின்றன. சிறைக்குப் பதிலான ஏற்பாட்டுக்கு ‘நன்னடத்தைக் கண்காணிப்பு’ என்று முழுதாக எழுதினால் பிணையோடு குழம்பாது. வேலையில் இருப்பதை ‘நன்னடத்தைக் காலம்’ என்று எழுதாதீர்கள். அங்கே தகுதிகாண் பருவம் போதும்.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. 1907ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் இந்த அலுவலரின் கடமையை மூன்று வினைகளால் சொன்னது: அறிவுரை சொல், உதவி செய், நட்புக் கொள். நம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் அறிவுரை இருக்கிறது, உதவி இருக்கிறது, வேலை தேடித் தர முயல்வதும் இருக்கிறது. மூன்றாவது வினை மட்டும் இல்லை. அகஸ்டஸ் அந்தக் குடிகாரருக்குச் செய்தது முதலில் அதைத்தான்.