நீண்ட வழியால் வரும் வெளிச்சம்

மட்டக்களப்பில் ஒரு அலுவலகத்தில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே 180 மீற்றருக்கு ஒரு ஆரஞ்சு நிற பைபர் கேபிள், அதாவது வெளிச்சத்தால் தகவல் அனுப்பும் கேபிள் கிடந்தது. ஒரு கிகாபிட் வேகத்தில் பல வருடம் குறையில்லாமல் ஓடியது. இரண்டு பக்கமும் கணினிகளை இணைக்கும் 10 கிகாபிட் ஸ்விட்ச் வைத்த அன்றே இணைப்பு விழுவதும் எழும்புவதுமாக இருந்தது. முனைகளைத் துடைத்தோம், வெளிச்சத்தின் அளவைக் காட்டும் பவர் மீற்றர் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் தாராளமாக வந்தது.

"லைட் நல்லா வருதே அண்ணன், பிறகு என்ன குறை?" என்று கூட வந்த தம்பி கேட்டான்.

அவனுக்கு அன்று வெயிலுக்குள் நின்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கேபிளின் உறையில் 62.5/125 என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடி நாரின் முழு விட்டம் 125 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒன்று. அதன் நடுவில் வெளிச்சம் ஓடும் கோர் 62.5 மைக்ரோமீற்றர். கோரின் முறிவுச் சுட்டி, அதாவது வெளிச்சத்தை எவ்வளவு மெதுவாக்கும் என்று சொல்லும் எண், சுற்றியுள்ள கண்ணாடியைவிடச் சற்றே கூட. ஒரு வீதம், இரண்டு வீதம் வித்தியாசம்தான். அது போதும். சாய்வாகப் போய் ஓரத்தில் படும் வெளிச்சம் வெளியே தப்பாமல் உள்ளேயே திரும்பிவிடும். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு முழுவுட்தெறிப்பு என்றால் தெரியும்.

அகலமான கோருக்குள் வெளிச்சம் பல வழியால் போகலாம். நடுவால் நேராக ஓடுவதும் உண்டு, இரண்டு ஓரத்திலும் மாறி மாறிப் பட்டு வளைந்து வளைந்து ஓடுவதும் உண்டு. கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு வருவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மோட்டார் சைக்கிள்கள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. மூன்று பேர் ஆரையம்பதி, காத்தான்குடி என்று பிரதான வீதியால் நேரே வருகிறார்கள். இரண்டு பேர் களுவாஞ்சிகுடியில் திரும்பி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, படுவான்கரையால் கொக்கட்டிச்சோலை, வவுணதீவு என்று சுற்றி வருகிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடினால் சுற்றி வந்தவர்கள் பிந்துவார்கள். புறப்படும்போது ஒரு கூட்டமாக இருந்தவர்கள், சேரும்போது நீண்ட வரிசையாகிவிடுவார்கள். தகவலின் 1, 0 என்ற எண்களை எரிந்தும் அணைந்தும் சுமந்து போகும் ஒளித் துடிப்புக்கும் இதேதான் நடக்கிறது.

கண்ணாடிக்குள் வெளிச்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். அப்படியென்றால் ஒரு நனோசெக்கனுக்கு, அதாவது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு, 20 சென்ரிமீற்றர். ஒரு நனோசெக்கன் எரிந்து அணைந்த துடிப்பு, நாருக்குள் ஒரு சாண் நீளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோர் முழுவதும் ஒரே சுட்டியுள்ள கண்ணாடியாக இருந்து, வித்தியாசம் 1 வீதம் என்று வைத்தால், மிக நீண்ட வழிக்கும் நேர் வழிக்கும் இடையில் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 50 நனோசெக்கன் இடைவெளி விழும். ஒரு சாணாகப் புறப்பட்டது 10 மீற்றர் நீளமாகப் போய்ச் சேரும். பின்னால் வரும் துடிப்புகள் எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். எது 1, எது 0 என்று எந்த ஸ்விட்ச்சாலும் பிரிக்க முடியாது.

இதற்கு இரண்டு வழியில் மருந்து கண்டார்கள். ஒன்று, வழிகளையே அடைத்துவிடுவது. கோரை 9 மைக்ரோமீற்றர் அளவுக்கு ஒடுக்கினால் உள்ளே ஒரே ஒரு வழிதான் மிஞ்சும். வீட்டுக்கு வரும் பைபரும் கடலடிக் கேபிளும் அந்த வகை. அதைச் சிங்கிள் மோட் என்கிறோம்.

மற்றது எனக்கு மிகவும் பிடித்தது. நீண்ட வழியை அடைக்காமல், அந்த வழிக்கு வேகத்தைக் கூட்டிக் கொடுப்பது. மாலை நேரத்தில் காத்தான்குடி கடைத்தெருவால் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எவ்வளவு ஊர்ந்து வர வேண்டும் என்று. படுவான்கரை வீதி நீளம், ஆனால் வெறிச்சென்று கிடக்கும், ஓட்டிப் போகலாம். நெரிசல் அளவாக இருந்தால் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் ஊருக்குள் வந்து சேரும். நாருக்குள் அந்த நெரிசலைச் செய்வது ஜேர்மானியம். நடுவில் அதைக் கூடுதலாகச் சேர்த்தால் முறிவுச் சுட்டி கூடும், வெளிச்சம் மெதுவாகும். ஓரத்துக்குப் போகப் போக ஜேர்மானியத்தைக் குறைத்தால் வெளிச்சம் வேகமாகும். அப்போது கதிர் ஓரத்தில் வெட்டித் திரும்பாது, மெல்ல வளைந்து வளைந்து போகும். தூரம் கூட, வேகமும் கூட. சுட்டி குறையும் விதத்தைச் சரியான வளைவில் அமைத்தால், அந்த 50 நனோசெக்கன் கணக்குப்படி 0.1க்கும் கீழே இறங்கும். எத்தனையோ மடங்கு ஆதாயம்!

ஆனால் அந்த வளைவை மயிரிழை பிசகாமல் செய்வது எளிதான வேலை இல்லை. ஒரு முறையில், கண்ணாடிக் குழாயின் உள்ளே வாயுக்களை அனுப்பிச் சூடாக்கிப் படை படையாகக் கண்ணாடியைப் படியவைக்கிறார்கள். ஒவ்வொரு படைக்கும் ஜேர்மானியத்தைச் சற்றுக் கூட்டுவார்கள். கடைசியில் குழாயை உருக்கித் துளையை மூடும்போது, ஆக உள்ளே இருக்கும் படையில் இருந்து ஜேர்மானியம் ஆவியாகிவிடும். அதனால் பழைய நார்கள் பலவற்றில், சுட்டி உச்சியில் இருக்க வேண்டிய நட்ட நடுவிலேயே ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

எல்ஈடியால் வெளிச்சம் அனுப்பிய காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. எல்ஈடி கோர் முழுவதையும் நிரப்பும், பள்ளத்தில் விழுவது கொஞ்சம்தான். லேசர் வந்ததும் கதை மாறியது. அதன் ஒடுங்கிய கற்றை நேரே அந்தப் பள்ளத்தில் போய் விழலாம். அங்கே போன பங்கு ஒரு நேரத்திலும் மற்றது இன்னொரு நேரத்திலும் வந்து, ஒரு துடிப்பு இரண்டாகவே பிளந்துவிடும். பழைய நாரில் 1 கிகாபிட்டுக்கு 1310 நனோமீற்றர் அலைநீள லேசரைப் போடும்போது, கற்றையை நடுவில் இருந்து சற்று விலக்கி அனுப்பும் விசேட பட்ச் கோர்ட் (குட்டையான இணைப்புக் கேபிள்) ஒன்றைப் பாவிப்பது இதற்காகத்தான்.

இதுவரை வழி, கதிர் என்றே எழுதினேன். உண்மையில் வெளிச்சம் ஒரு அலை. இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிய கயிற்றை ஆட்டினால் ஒரு வயிறு, இரண்டு வயிறு, மூன்று வயிறு என்று முழு எண்ணிக்கையில்தான் நின்று ஆடும். கோருக்குள்ளும் அப்படித்தான், குறிப்பிட்ட சில கோலங்களுக்குத்தான் இடம் உண்டு. ஒவ்வொரு கோலமும் ஒரு மோட். 50 மைக்ரோமீற்றர் கோரில் 850 நனோமீற்றர் வெளிச்சத்துக்கு அப்படி முந்நூறுக்கு மேல் இருக்கும். மல்டிமோட் என்ற பெயர் அதனால் வந்தது.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். கேபிள் உடைந்த இடம் தேடும் சிவப்பு லேசர் பேனையை ஒரு மீற்றர் மல்டிமோட் பட்ச் கோர்ட்டில் பொருத்தி, மற்ற முனையை இருட்டறையில் வெள்ளைச் சுவருக்குக் காட்டுங்கள். ஒரே சீரான வட்டம் வராது. மண் தெளித்தது போலச் சிவப்புப் புள்ளிகளும் கருப்புப் புள்ளிகளும் கலந்து வரும். நடுவில் நாரை விரலால் மெல்ல வளைத்தால், புள்ளிகள் எல்லாம் எறும்புக் கூட்டம் போல ஊர்ந்து இடம் மாறும். மோட்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் போடும் கோலம் அது. முதல் தடவை பார்த்தபோது நான் நெடுநேரம் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். ஸ்விட்ச்சில் இருந்து வரும் வெளிச்சம் அநேகமாகக் கண்ணுக்கே தெரியாது, கூடுதல் கவனம் வேண்டும்.

சரி, அந்த 180 மீற்றருக்கு வருவோம். அந்த வகை நாருக்கு 850 நனோமீற்றரில் கொடுத்திருக்கும் அளவு 200 மெகாஹேர்ட்ஸ் கிலோமீற்றர், அதாவது ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு 200 மெகாஹேர்ட்ஸ் வரை தாங்கும், தூரம் குறைந்தால் அதற்கேற்பக் கூடும். அதன்படி 180 மீற்றரில் துடிப்பு 0.4 நனோசெக்கன் அளவு பரவும், நாருக்குள் 8 சென்ரிமீற்றர் நீளம். ஒரு கிகாபிட்டில் ஒவ்வொரு துடிப்புக்கும் கிடைக்கும் இடம் 20 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 8 சென்ரிமீற்றர் பரவினாலும் சமாளிக்கலாம். 10 கிகாபிட்டில் கிடைப்பது வெறும் 2 சென்ரிமீற்றர். பக்கத்தில் உள்ள நான்கைந்து துடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டன. பவர் மீற்றர் மொத்த வெளிச்சத்தைத்தான் அளக்கும், அது எப்போது வந்தது என்று அளக்காது. அதனால்தான் எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டியது. அந்த நாரில் 10 கிகாபிட்டுக்குத் தரநிலை அனுமதிப்பது 33 மீற்றர்தான்.

லேசருக்கென்றே வளைவைத் திருத்திச் செய்த ஓஎம்3 வகையில் 300 மீற்றர் வரை போகலாம். வெளிர் நீலப்பச்சை உறை, 50 மைக்ரோமீற்றர் கோர். அடுத்த கிழமை அதைத்தான் இழுத்தோம். ஆரஞ்சுக் கேபிளைக் கழற்றவில்லை. பாதுகாப்புக் கமராக்களுக்கு ஒரு கிகாபிட் போதும் என்பதால் அவற்றை அதில் மாற்றினோம், இன்றும் ஓடுகின்றன.