"நான் யார், சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள்

கிருஷ்ணகிரிக்கு அருகே நான் வாரம் இருமுறை சென்று நோயாளிகளைப் பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு, சென்ற ஞாயிறன்று பெங்களூரிலிருந்து ஒரு மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். மறதி நோயுள்ள தாயின் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தவர், "அம்மா, நான் யாரு, சொல்லு பார்க்கலாம்" என்று நான்கு முறை கேட்டார். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த அந்த அம்மாள், கடைசியில் தெலுங்கில் "அன்னய்யா?" என்றார். பேரப்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வெளியே வந்த மகன், "பெத்த பிள்ளையையே தெரியல, இனிமே வந்து என்ன பிரயோஜனம் டாக்டர்?" என்றார். இந்த மாதத்தில் என்னிடம் இப்படிக் கேட்ட மூன்றாவது மகன் அவர்.

மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் நோயில் அண்மைக்கால நினைவுகளே முதலில் அழிகின்றன. பழையவை பெரும்பாலும் நெடுநாள் நிற்கின்றன. அந்தத் தாயின் மனத்தில் இருக்கும் மகன் அரும்புமீசை இளைஞனாக இருக்கக்கூடும். எதிரே நரைத்த தலையோடு இருந்தவரை அண்ணன் என்று அழைத்தது, இவர் தம் குடும்பத்து மனிதர் என்று அடையாளம் கண்டுகொண்டதேயாகும். கேட்டுக் கேட்டுப் பழக்கினால் நினைவு திரும்பிவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகுந்த எரிச்சலூட்டுகிறது. இது வாய்ப்பாடு அன்று, திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் ஏற்றுவதற்கு. புதிதாக எதையும் பதிந்துகொள்ள இயலாதவரிடம் தேர்வு நடத்தினால், விடை தெரியாத அவமானம் மட்டுமே அவரிடம் எஞ்சும். வந்தவர் யார் என்பதைப் பத்து நிமிடத்தில் மறந்துவிடுபவரிடத்திலும் அந்தச் சந்திப்பு தந்த அமைதியோ கலக்கமோ அதற்குப் பின்னும் தங்கியிருக்கும். அன்று மதியம் அந்த அம்மாள் தட்டைத் தள்ளிவிட்டார். காரணம் அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

உள்ளே நுழைந்ததும் "அம்மா, உன் பெரிய பையன் வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மாலையில் பலருக்குக் கலக்கம் கூடும் என்பதால் காலையில் வாருங்கள். ஆறு பேர் சேர்ந்து கட்டிலைச் சூழாதீர்கள். இறந்துபோன கணவரை அவர் தேடினால், ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொல்லாமல், அவரைப் பற்றிப் பேசவிட்டுக் கேளுங்கள். விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், ஆகவே மாம்பழத்துண்டை வாயில் வைப்பதற்கு முன் செவிலியரைக் கேளுங்கள், தயவுசெய்து. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால் நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு செய்யவேண்டாம். சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, புது மாத்திரையோகூடக் காரணமாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

ஓசூர், பர்கூர் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் ஏராளம். பிற்பாடு கற்ற மொழி முன்னதாகக் கைநழுவிப் போவதை என் நோயாளிகள் பலரிடம் கண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்று அந்த மகன் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். அன்றிரவு ஆயா அருகில் அமர்ந்து, சாப்பிட்டீர்களா என்பதைத் தெலுங்கில் "தின்னாரா அம்மா?" என்று கேட்ட பிறகுதான், அந்த அம்மாள் களி உருண்டைக்குக் கை நீட்டினார்.