எடை கூடியதெல்லாம் கார்பன் அன்று

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, சிறு புட்டியில் வெள்ளைத் தூளுடன் ஒருவர், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் பொருள்களை ஆராயும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். திறந்த தட்டில் ஓர் இரவு வைத்ததும் தூளின் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடியதென்றும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அது பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று என்றும் அவர் உறுதியாக நம்பினார். தூளை 120 டிகிரியில் நன்கு உலர்த்தி, ஈரம் துளியும் இல்லாத கார்பன் டை ஆக்சைடை அதன்மீது செலுத்தியபோது, கூடிய எடை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர் இரவெல்லாம் பிடித்தது தண்ணீரை.

ஆராய்ச்சி மாணவர்களே இதில் ஏமாறுவதால் விளக்கமாகச் சொல்கிறேன். 25 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் பத்தாயிரம் மூலக்கூறுகளை எண்ணினால், அவற்றுள் சுமார் 150 நீராவியாகவும் நான்கே நான்கு கார்பன் டை ஆக்சைடாகவும் இருக்கும். பெயர்பெற்ற உறிஞ்சு பொருளான ஜியோலைட் 13எக்ஸ்கூட, ஈரக்காற்றில் தன் நுண்துளைகளைத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஆகவே உலர்ந்த வாயுவில் அளக்காத எடையைத் தயவுசெய்து கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து வருவது, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கச் சுண்ணாம்பே போதுமே என்ற வாதம். சுட்ட சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடை ஏற்பது உண்மைதான். ஆனால் 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு 56 கிராம் சுண்ணாம்பு எடுக்கும்போதே 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. அந்தச் சுண்ணாம்பு பின்னர் எவ்வளவு ஏற்றாலும் அந்த 44 கிராமைத் தாண்டாது. சூளைக்கு எரித்த எரிபொருளின் புகையோ தனிக் கடனாக நிற்கிறது.

உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, நுண்துளைகள் நிறைந்த பொருள்களான உலோக-கரிமச் சட்டகங்களுக்காக 2025இல் கிடாகவா, ராப்சன், யாகி ஆகியோர் வேதியியல் நோபல் பரிசு பெற்றதிலிருந்து, ஒரு கிராமுக்குள் கால்பந்துத் திடலளவு பரப்பு அடங்கியிருக்கும்போது இனி என்ன கவலை என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் பரிசில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு. ஆனால் பரப்பு வேறு, பயன் வேறு. காற்றிலிருந்து, தன் எடையில் ஒரு கிலோவுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும் தூள் ஒன்று இருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து வெளியிடும் 2.3 கிலோவை ஒரே முறையில் பிடிக்க ஐம்பது கிலோவுக்கும் மேல் தூள் வேண்டும். நிறைந்த தூளைச் சூடாக்கி வாயுவைப் பிரித்து, அதை எங்கேனும் பாதுகாப்பாக அடைத்து, தூளை மறுபடி பயன்படுத்த வேண்டும். எங்கள் துறையின் உழைப்பில் பெரும்பகுதி பிடிப்பதற்கன்று, குறைந்த வெப்பத்தில் விடுவிப்பதற்கே செலவாகிறது.

அறையில் வைக்கும் கார்பன் உறிஞ்சும் சாடிகளை வாங்காதீர்கள்; ஒரு மனிதரின் மூச்சில் மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. சன்னலைத் திறந்துவிடுங்கள். புதிய பொருளைப் பற்றிச் செய்தி வந்தால், ஈரக்காற்றில் சோதித்தார்களா, பிடித்தும் விடுவித்தும் எத்தனை சுற்றுகள் தாங்கியது, விடுவிக்கும் வெப்பம் எதை எரித்து வருகிறது என்று கேளுங்கள். இளம் ஆய்வாளர்களே, முதல் சுற்றின் அழகான எண்ணோடு நூறாவது சுற்றின் எண்ணையும், அது எவ்வளவு சோர்வூட்டினாலும், சேர்த்தே வெளியிடுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.