போட்டியை விட்ட பிறகு வரும் முதுகுவலி

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். போட்டியில் இருக்கும் ஜிம்னாஸ்டுகளைவிட, அதை விட்டு ஓராண்டு ஆனவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். பதக்கம் வாங்கும்வரை பயிற்சியாளர், டாக்டர், டயட்டீஷியன் என்று சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். ஓய்வை அறிவித்த மறுவாரம் பல பேருக்கு அவர்களில் ஒருவர்கூட இல்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது கீழ் முதுகுவலி. “விளையாடும்போதுகூட இவ்வளவு வலிக்கல, இப்ப சும்மா உட்கார்ந்தாலே வலிக்குது” என்பார்கள். சரி, குனியுங்கள் என்றால் இரண்டு உள்ளங்கையும் அப்படியே தரையில் பதியும். அப்புறம் மல்லாந்து படுத்து, ஒரு காலை மட்டும் ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்வேன். சில நொடிகளில் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். எனக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

சின்ன வயதிலிருந்தே முதுகைப் பின்னால் வளைத்துப் பழகியதில், கீழ் முதுகெலும்பில் நுண்ணிய முறிவு விழுந்திருப்பது இந்த விளையாட்டில் சகஜம். போதாததற்கு மூட்டுகளும் பலருக்குத் தளர்வானவை. வாரம் 30 மணி நேரம் வரை போகும் பயிற்சியில் வளர்ந்த தசைகள்தான் இவற்றையெல்லாம் இறுக்கிப் பிடித்திருந்தன. பயிற்சியைச் சட்டென்று நிறுத்தினால் தசை கரைந்துவிடுகிறது, தளர்வு மட்டும் மிஞ்சுகிறது. இது தெரியாமல் வலிக்கிறதே என்று மேலும் மேலும் ஸ்ட்ரெச்சிங் செய்கிறார்கள். அந்த முதுகுக்கு வேண்டியது பலம். பயிற்சியைச் சில மாதங்களில் படிப்படியாகக் குறையுங்கள். வயிறு, இடுப்பு, தொடைக்கான பலப் பயிற்சிகளை மட்டும் எப்போதும் விடாதீர்கள்.

23 வயதில் “எனக்கு வயசாயிடுச்சு” என்பவர்களிடம் உஸ்பெகிஸ்தான் ஜிம்னாஸ்ட் ஒக்சானா சுசோவிதினாவைப் பற்றிச் சொல்வேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் வால்ட் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டும் பிரிவு) ஆடியபோது அவருக்கு 46 வயது. உயரம் கூடியதால் 15 வயதில் ஜிம்னாஸ்டிக்ஸை விட்ட எலெனா இசின்பயேவா, விட்ட கையோடு கோலூன்றித் தாண்டுதலுக்குப் போய் 2004, 2008 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். எல்லோராலும் அது முடியாதுதான். ஆனால் பயிற்சியாளர், நடுவர், சர்க்கஸ் கலைஞர் என்று இந்த உடம்புக்கு ஏற்ற வேலைகள் இருக்கின்றன. அதற்கான யோசனையைப் போட்டியில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. கடும் பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். அதோடு எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் குறையும். ஓய்வுக்குப் பிறகு எடை கூடுவதில் ஒரு பங்கு, இத்தனை நாள் தள்ளிப்போன பருவ வளர்ச்சி இப்போது வந்து சேர்வதுதான். அதற்குப் பயந்து தயவுசெய்து பட்டினி கிடக்காதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

பயிற்சி மையத்தை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, அறுவை சிகிச்சைக் குறிப்புகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்து உங்களைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அவை வேண்டியிருக்கும்.