யாருக்கு இந்த நோட்டீஸ்?

காரைக்குடியில் டிசைன், பிரிண்டிங் வேலை செய்கிறேன். நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களிடம் "இதை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்பேன். "எல்லாருக்கும்தான் தம்பி" என்பார்கள். சிறு தொழில் செய்பவர்களின் விளம்பரக் காசு பெரும்பாலும் இந்தப் பதிலில்தான் கரைகிறது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு ஆச்சி வந்தார்கள். வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவர்கள். கையில் ஒரு நோட்டுத் தாள்: தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை என்று 27 அயிட்டம். அதற்குக் கீழே வடகம், ஊறுகாய், மசாலாப் பொடி. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டு 2,000 அடிக்க வேண்டுமாம்.

"ஆச்சி, போன மாசம் பெரிய ஆர்டர் யார் கொடுத்தாங்க?"

கொஞ்சம் யோசித்தார்கள். "கல்யாண வீட்டுக்காரங்கதான், சீருக்கு வைக்க. அப்புறம் வெளியூர்ல இருக்கிற நம்ம பிள்ளைக."

கல்யாண வீட்டில் கேட்பது, எத்தனை நாள் முன்னாடி சொல்ல வேண்டும், எண்ணிக்கையா எடையா, எப்படி அடுக்கித் தருவீர்கள். சென்னையில் இருக்கும் பிள்ளை கேட்பது, எத்தனை நாள் கெடாது, சீப்புச்சீடை நொறுங்காமல் வந்து சேருமா. ஒரே தாளில் இரண்டு பேருக்கும் பதில் எழுதினால் எழுத்து எறும்பு சைஸுக்குப் போய்விடும், யாரும் படிக்க மாட்டார்கள்.

அதனால் இரண்டாகப் பிரித்தோம். கல்யாண வீட்டுக்கு ஒரு கார்டு: தட்டில் அடுக்கிய மனகோலத்தின் படம், சீருக்கு வைக்கிற 5 பலகாரம், "10 நாள் முன்பு சொல்லவும்", போன் நம்பர். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம். அதை ஆச்சியின் போனுக்கே அனுப்பி, பெரிதாக்காமல் படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கினார்கள். உடனே இரண்டு வரியை எடுத்துவிட்டேன்.

பாக்கெட் லேபிளில் மட்டும் இப்படிக் குறைக்க முடியாது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், விலை எல்லாம் இருக்க வேண்டும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கும் இதே கதைதான். அட்டையில் கானாடுகாத்தான் அரண்மனைப் படத்தைப் போடச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். செட்டிநாடு என்று தொடங்கும் எல்லா விளம்பரத்திலும் அந்த மாதிரிப் படம்தான் இருக்கிறது. அதில் இவர் பட்டறை எங்கே? கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றும் கையைப் படம் எடுத்தோம். சூளையில் வேகாமல், தண்ணீரில் ஊறி இறுகும் கல் என்பது ஒரு வரியில் வந்தது.

அவரிடம் வாங்குவது வீடு கட்டுகிறவர்களும் இன்ஜினியர்களும். அவர்களுக்குக் கணக்கு வேண்டும். 10 இன்ச் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144, 8 இன்ச் என்றால் 225. உடைசலுக்குத் தனியாகக் கொஞ்சம். "கையால் செய்வதால் கல்லுக்குக் கல் நிறம் லேசாக மாறும்" என்பதையும் எழுதச் சொன்னேன். தயங்கினார். கல் வீட்டில் இறங்கிய பிறகு வரும் சண்டையைவிட முன்கூட்டியே சொல்வது நல்லது என்றதும் சரி என்றார்.

ஆச்சிக்கு 2,000 நோட்டீஸுக்குப் பதில் 300 கார்டுதான் அடித்தோம். கல்யாணச் சமையல்காரர்களிடமும் மண்டபங்களிலும் கொடுத்திருக்கிறார்கள். தீர்ந்துபோய்த் திரும்ப வந்தபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார்கள்: "10 நாள் பத்தல தம்பி, 15 நாள்னு போடு."