அவுட்லா: சட்டப்புறத்தான்

அவுட்லா என்ற ஆங்கிலச் சொல்லைக் கொள்ளைக்காரன், சட்டவிரோதி, தலைமறைவுக் குற்றவாளி என்று இடத்துக்கேற்பத் தமிழில் எழுதிவருகிறோம். அமெரிக்க மேற்கைக் களமாகக் கொண்ட வெஸ்டர்ன் படங்களைப் பற்றிப் பேசும்போது இவற்றில் எதுவும் சரிவரப் பொருந்துவதில்லை. ஒருவர் செய்த குற்றத்தைச் சுட்டுவதற்காக அன்றி, சட்டம் அவரைக் கைவிட்டுவிட்ட நிலையைச் சுட்டுவதற்காகவே இச்சொல் பிறந்தது.

வைக்கிங்குகள் எனப்பட்ட ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் வெளியே என்பதையும் சட்டம் என்பதையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்த 'ஊட்லாகி', அவர்கள் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தை ஒட்டி ஆங்கிலத்தில் புகுந்தது. (சட்டத்துக்கான 'லா' என்ற சொல்லையே ஆங்கிலம் அவர்களிடமிருந்துதான் பெற்றது.) நீதிமன்றம் பலமுறை அழைத்தும் வராதவர் அவுட்லா என அறிவிக்கப்பட்டால் அவருடைய உடைமைகள் பறிபோகும், அவருக்கு அடைக்கலம் தருவது குற்றமாகும், தொடக்க நூற்றாண்டுகளில் அவரை யார் கொன்றாலும் கேள்வி இல்லை. இடைக்கால இலத்தீன் சட்டமொழி இந்நிலையை 'ஓநாய்த் தலை' என்றது. ஓநாயைப் போல எவரும் வேட்டையாடலாம் என்பது அதன் பொருள். 1215ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டா தன் 39ஆம் பிரிவில், முறையான தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிச் சுதந்திர மனிதர் எவரையும் இவ்வாறு அறிவிக்கக் கூடாது என்று தடுக்கும் அளவுக்கு இது அஞ்சத்தக்க தண்டனையாக இருந்தது. இங்கிலாந்தின் குற்ற வழக்குகளிலிருந்து இது நீக்கப்பட்டது 1938இல்தான்.

அமெரிக்க மேற்கில் இச்சொல் தளர்ந்து, துப்பாக்கியோடு திரியும் கொள்ளையர் எவருக்கும் வழங்கலாயிற்று. ஆயினும் பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்குப் பெயர்பெற்ற கொள்ளையர் ஜெஸ்ஸி ஜேம்ஸின் முடிவே சான்று. மிசௌரி ஆளுநர் தாமஸ் கிரிட்டெண்டன் அவரைப் பிடிக்கப் பெரும் பரிசுத்தொகை அறிவித்திருந்தார். 1882 ஏப்ரல் 3 அன்று சொந்தக் கும்பலைச் சேர்ந்த பாப் ஃபோர்டு அவரைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார். கொலைக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஃபோர்டை ஆளுநர் உடனே மன்னித்தார்.

சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய முதல் படமான 'ஐ ஷாட் ஜெஸ்ஸி ஜேம்ஸ்' (1949) இந்த மன்னிப்புக்குப் பிந்தைய வாழ்வையே பேசுகிறது. ராபர்ட் லிப்பர்ட்டின் சிறு நிறுவனத்துக்காக மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இப்படம், குதிரைத் துரத்தல்களைக் காட்டிலும் முகங்களின் அண்மைக் காட்சிகளையே பெரிதும் நம்புகிறது; பணத் தட்டுப்பாடு இங்கே பாணியாகவே மாறிவிட்டது என்பேன். காதலியை மணந்து வாழ்வதற்காகத் தலைவனைக் கொன்ற ஃபோர்டு (ஜான் அயர்லாந்து), சட்டத்தின் கணக்கில் உள்ளே வந்துவிட்டார். மக்களோ அவரைக் கோழை என்று ஒதுக்க, கொல்லப்பட்ட கொள்ளையன் பாட்டில் நாயகனாகிறான். மதுக்கூடத்தில் ஒரு பாடகன் அந்தப் பாட்டை ஃபோர்டின் எதிரிலேயே பாட நேரும் காட்சியில் யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கு தலைகீழாகிறது. இந்தக் காட்சியை விளக்கக் 'கொள்ளைக்காரன்' என்ற சொல் போதாது.

தமிழில் 'சட்டவிரோதி' என்றால் பகை மனிதனிடமிருந்து சட்டத்தை நோக்கிப் போகிறது. மூலச்சொல்லின் திசை இதற்கு நேர் எதிர். ஊர்விலக்கை ஒட்டிச் 'சட்டவிலக்கு' எனலாம் என்றால், வரிவிலக்கும் விதிவிலக்கும் பழகிய காதுக்கு அது சலுகையாக ஒலிக்கும். வரிக்கணக்குக்கு வெளியே நின்ற நிலத்தைப் புறம்போக்கு என்ற நம் வழக்கில், வெளியே நிற்றலுக்குப் 'புறம்' என்ற சொல் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. ஆகவே சட்டப்புறத்தான், மரியாதைப் பன்மையில் சட்டப்புறத்தார் என்பதையே நான் பரிந்துரைப்பேன். திரைப்பட வகையைச் சொல்லும்போது 'சட்டப்புறத்தான் நாயகனாகும் வெஸ்டர்ன்' என்று எழுதலாம். வங்கியையோ ரயிலையோ கொள்ளையிடும் செயலை மட்டும் சொல்லும் இடங்களில் கொள்ளையன் என்பதே போதும்.