சட்டியைக் கழுவிவிடாதீர்கள்

நான் ஈப்போவில் ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், குடியிருப்பது சுங்கை சிப்புட்டில். உணவிலும் தீவனத்திலும் இயற்கையாகவே உண்டாகும் நச்சுகளைத் தேடுவதுதான் என் வேலை. ஊரில் இது தெரிந்துபோனதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒரு பையோடு வாசலில் நிற்பார்கள்.

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்படித்தான் ஒரு மாமா வந்து நின்றார். முன்பு தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர், இப்போது வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்க்கிறார். கையில் சிவப்பு பிளாஸ்டிக் பை, அதற்குள் தண்ணீரில் அலசி அலசிச் சுத்தம் செய்த ஆட்டு ஈரல்.

"நேத்து ஒரு மணி நேரத்துல மூணு ஆடு போயிருச்சும்மா. பக்கத்து வீட்டுக்காரன்தான் மருந்து வச்சிட்டான். இதுல விஷம் இருக்கான்னு பாத்து எழுதிக் குடு, நான் போலீசுக்குப் போறேன்."

'விஷம் இருக்கா பாருங்க' என்று கேட்காதவர்கள் அபூர்வம். ஒரு துண்டை எந்திரத்தில் போட்டால் இதில் இன்ன விஷம் இத்தனை இருக்கிறது என்று மொத்தப் பட்டியலும் வெளியே வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு எந்திரம் எங்கேயும் கிடையாது. பூச்சிமருந்தைத் தேடுகிற முறையில் சயனைடு தெரியாது, பூஞ்சை நச்சைத் தேடுகிற முறையில் மீன் நச்சு தெரியாது. ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்கும் திரவம் வேறு, கருவி வேறு. என்ன தேடுவது என்று முதலில் தெரிய வேண்டும், அதைச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் இருப்பவர்தான். மாமா கேட்டபடி நான் அந்த ஈரலில் பூச்சிமருந்தை மட்டும் தேடியிருந்தால் 'ஒன்றும் இல்லை' என்று தாள் வந்திருக்கும், அவரும் என்னை நம்பியிருக்க மாட்டார், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் முடிந்திருக்காது.

அதனால் ஈரலை விட்டுவிட்டு அவரைக் கேட்டேன். ஆடுகள் என்ன சாப்பிட்டன? "எப்பயும் போடுற புல்லுதான்." வேறு ஒன்றும் போடவில்லையா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தீவாளிக்குப் பிள்ளைங்க வராங்களேன்னு மரவள்ளியப் புடுங்கினேன். தழை வீணாப் போகுதேன்னு அதையும் போட்டேன். ஆசையாத் தின்னுச்சுங்க." அறுத்தபோது ரத்தம் எப்படி இருந்தது? "அதான் எனக்கே ஆச்சரியம், குங்குமத்தக் கரைச்ச மாதிரி பளிச்சுன்னு செவப்பு."

அந்த ஒரு பதிலில் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. சயனைடு ஏறிய உடம்பில் ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் உடம்பின் செல்கள் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் ரத்தம் அப்படிப் பளிச்சென்று சிவந்து கிடக்கிறது.

மரவள்ளிச் செடியில் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது சும்மா இருக்கும்வரை தொந்தரவு இல்லை. இலையைக் கடித்தோ நசுக்கியோ செல்கள் உடைந்தால், அதே செடியில் வேறு இடத்தில் இருக்கும் ஒரு நொதி அதோடு சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியே விடும். கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும்தான் இது அதிகம். ஆடு மாடு மாதிரி அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்துவிடும், அதனால் வயிறு நிறையப் பச்சைத் தழை தின்ற ஆடு சில நிமிடங்களிலேயே விழுந்துவிடலாம்.

ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. சயனைடு நிற்காமல் பறந்து போகும் பொருள், கழுவிய ஈரலை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வேண்டியது வயிற்றில் இருந்த தழை. "அத அப்பவே கால்வாய்ல கொட்டிட்டேனே" என்றார். நல்ல வேளையாக மூன்றாவது ஆட்டை அவர் இன்னும் அறுக்கவில்லை, தெரிந்த மீன் வியாபாரி ஒருவரின் ஐஸ் பெட்டியில் முழுசாகக் கிடந்தது. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த தழையைக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, உறைய வைத்து எடுத்துப்போனேன்.

சோதனை எவ்வளவு எளிது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிக்ரேட் கரைசலில் நனைத்து எடுத்த ஒரு மஞ்சள் தாள், விரல் அகலம்தான். போத்தலில் தழை கொஞ்சம், மேலே தழையைத் தொடாமல் இந்தத் தாள் தொங்கும், மூடியை இறுக்கி வைக்க வேண்டும். சயனைடு ஆவியாக மேலே வந்து தாளில் பட்டால் மஞ்சள் மெதுவாக ஆரஞ்சு ஆகும், அப்புறம் செங்கல் நிறம் ஆகும். மாமாவின் ஆட்டுக்கு நான் மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பும்போதே தாள் செங்கல் நிறத்தில் இருந்தது. (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும்.)

அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்தபோது ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்போ நாந்தான் குடுத்தேனா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் தெரிந்து செய்யவில்லை. தழையை நறுக்கி நன்றாக வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் சயனைடு பெருமளவு போய்விடும் என்பதை அவருக்கு யாருமே சொன்னதில்லை.

இதைப் படித்துவிட்டு மரவள்ளிக் கிழங்கையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் அரிசி இல்லாமல் நம் தாத்தா பாட்டிமார் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் கிழங்கில்தான். என் பாட்டி கிழங்கைத் தடியாகத் தோல் சீவி, சின்னதாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் போட்டு மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுவார். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது: தோலில்தான் நச்சு அதிகம், சின்னதாக வெட்டினால் நொதிக்கு வேலை செய்ய வழி கிடைக்கும், குளிர்ந்த தண்ணீரிலிருந்து தொடங்கினால் அதற்கு நேரமும் கிடைக்கும், ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும் என்பதால் மூடி இல்லாவிட்டால் அது போய்விடும், மிச்சம் இருப்பது தண்ணீரோடு போகும். கசக்கிற கிழங்கை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். காட்டில் வெட்டிவரும் மூங்கில் குருத்துக்கும் இதே பக்குவம்தான்.

மாமா அதற்கப்புறம் ஒரு நாள் பால்மரத்து (ரப்பர்) கொழுந்தும் விதையும் கொண்டுவந்து, "இதையும் அந்த மஞ்ச பேப்பர்ல போட்டுப் பாரும்மா" என்றார். பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம், மரவள்ளியும் ரப்பரும் ஒரே குடும்பச் செடிகள், இரண்டிலும் இருப்பது அதே லினமாரின். தாள் சிவந்தது. மரத்தடியில் ஆடு மேய்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

சயனைடாவது உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அதைவிடக் கவலை தருவது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே போகும் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் நச்சுக்குப் பெயர் வந்தது. ஈரமும் சூடும் அதற்குப் பிடிக்கும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

பேராக்கில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 1988 அக்டோபரில் நம் மாநிலத்தில் 13 குழந்தைகள் லோ ஷீ ஃபன் என்ற எலிவால் மீ (ஒருவகை நூடுல்ஸ்) சாப்பிட்டபின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள், பிரேதப் பரிசோதனையில் அஃப்லாடாக்சின் இருந்தது தெரிந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா மாதக்கணக்கில் வீட்டுக்கு மீ வாங்கவே இல்லை. நான் இந்த வேலைக்கு வந்ததில் அந்த மாதங்களுக்குப் பங்கு உண்டு.

கடலையில் இதைக் கண்டுபிடிப்பதில் கஷ்டம் கருவியில் இல்லை. தகட்டில் பிரித்து 365 நானோமீட்டர் புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் பி வகை நீலமாக ஒளிரும், ஜி வகை பச்சையாக ஒளிரும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். இப்போது இன்னும் நுட்பமான கருவிகள் வந்துவிட்டன. கஷ்டம் மாதிரி எடுப்பதில். பூஞ்சை எல்லாக் கடலையிலும் சமமாகப் பிடிக்காது. கெட்டுப்போன ஒற்றைப் பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் கணக்கில்கூட நச்சு இருந்திருக்கிறது. பருப்பு அரை கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் 500 மைக்ரோகிராம். மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அந்த ஒரே பருப்பு 33 கிலோ நல்ல கடலையை எல்லைக்குக் கொண்டுபோய்விடும்! அதனால்தான் ஒரு கைப்பிடி கடலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து 'நல்லதா கெட்டதா சொல்லுங்க' என்றால் என்னால் சொல்ல முடியாது. மூட்டைகளில் பல இடத்தில் எடுத்து, 20 கிலோ சேர்த்து, அத்தனையையும் அரைத்து, அதிலிருந்துதான் நாங்கள் எடுப்போம். புற ஊதா டார்ச் வாங்கி அடித்துப் பார்க்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: ஒளிர்வதெல்லாம் நச்சு இல்லை, ஒளிராததெல்லாம் நல்லதும் இல்லை.

வறுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கொஞ்சம் குறையும், போகாது. புந்தோங் கச்சாங் பூத்தே (வறுகடலை) கடைகளில் வேகமாக விற்றுப் புதுசு புதுசாக வறுப்பதைப் பார்த்துத்தான் நான் வாங்குவேன். வீட்டில் டப்பாவில் ஆறு மாதமாகக் கிடந்து சுருங்கி நிறம் மாறிய கடலையைச் சாத்தே குழம்புக்கு அரைத்துவிடலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து, அரைத்தபின் பொறுக்கி எறிய முடியாது. வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். அந்தக் கடலையைக் கோழிக்கும் வாத்துக்கும் போடாதீர்கள், பூஞ்சைப் புண்ணாக்கை மாட்டுக்கும் வைக்காதீர்கள், ஒரு நாளுக்குள் அது எம்1 என்ற வேறு வடிவில் பாலில் வந்துவிடும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும். பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி இங்கே 1989-இல் தொடங்கியது, அதற்கு முன் பிறந்த நம் தலைமுறை ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது.

புந்தால் என்கிற பேத்தை மீனைப் பற்றி ஒன்றே ஒன்று: அதை நானே சுத்தம் செய்வேன் என்று யார் சொன்னாலும் சாப்பிடாதீர்கள். 2023 மார்ச்சில் ஜொகூர் குளுவாங் பக்கம் வயதான கணவனும் மனைவியும் அதைச் சாப்பிட்டார்கள், இருவருமே பிழைக்கவில்லை. வேகவைத்தாலும் அந்த நச்சு அழியாது, மாற்று மருந்தும் இல்லை. உதடும் நாக்கும் மரத்துப்போனால் காத்திருக்காமல் 999-ஐக் கூப்பிடுங்கள். மழைக்குப் பின் பொறுக்கும் காளானிலும் அப்படித்தான், புற்றுக் காளான் என்று நினைத்துப் பறிக்கிற வெள்ளைக் காளான் முற்றியபின் அடிப்பக்கச் செதில் பச்சையாக மாறினால் அது நஞ்சு. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கினால் அது இன்னும் மோசமான வகையாக இருக்கலாம், நடுவில் ஒரு நாள் நன்றாக இருப்பது போலத் தெரிந்து பிறகு கல்லீரலைத் தாக்கும், அதனால் 'சரியாப் போச்சு' என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். டாக்டர் பினாங்கில் இருக்கும் தேசிய நச்சு மையத்தைக் கேட்டுக்கொள்வார், அவர்களும் முதலில் கேட்பது 'என்ன சாப்பிட்டார்' என்பதைத்தான்.

இப்படி ஏதாவது நடந்தால் முதல் வேலை ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. வீட்டில் இருக்கும் இன்னொருவர் சட்டியை அப்படியே மூடி வைக்கட்டும். நம் வீடுகளில் பதற்றம் வந்தால் கை தானாகப் பாத்திரத்தைக் கழுவப் போகும், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மிச்சக் குழம்பை மூடியுள்ள போத்தலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மீன் என்றால் குப்பையில் போட்ட தலையையும் தோலையும் எடுங்கள். காளான் என்றால் சமைக்காத ஒன்றை வேரோடு, பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக்கில் வியர்த்து அழுகிவிடும். செடியை இலை, பூ, காய் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். ஆடு மாடு என்றால் அறுக்காமல் கால்நடை இலாகாவைக் கூப்பிடுங்கள், அவர்கள் தேவைப்பட்டால் ஈப்போ கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்புவார்கள். எதை வைத்தாலும் மேலே ஒரு தாள் ஒட்டி, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் அறிகுறி வந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஐஸில் நனைந்தால் கரைந்துவிடும்.